மிக்ஸியக்காவின் பொழுதுபோக்கு

வீட்டில் ஆடிட்டர் என்று பட்டம் வாங்கியவர் உண்மையில் ஒரு பெயிண்ட் கிடங்கில் மேற்பார்வையாளர். பட்டம் கொடுத்தது அவருடைய தங்கை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு செலவு விடாமல் லேப்டாப்பில் ஏற்றி, இனம் பிரித்து, ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நிறம் பூசி வைக்கிற மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? வாடகைக்கு நீலம், மருந்துக்கு மஞ்சள், காய்கறிக்குப் பச்சை, பொழுதுபோக்குக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பு முழுக்க அவர் மனைவியின் கைங்கரியம்.

அவளை அந்தக் குடியிருப்பே மிக்ஸியக்கா என்றுதான் அழைக்கும். அரைக்காத மிக்ஸி, சுற்றாத ஃபேன், சூடேறாத இஸ்திரிப்பெட்டி, எதுவானாலும் அவளுடைய சமையலறை மேஜைக்கு வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் பொழுது போகாமல்தான் எதையோ கழற்றிப் பார்த்தாள். அதற்கு வாங்கிய சாமானை ஆடிட்டர் பொழுதுபோக்கில் போட்டார். அன்றிலிருந்து மோட்டார் காயில், கார்பன் பிரஷ், ஒயர் எல்லாம் அங்கேயே போய் விழுந்தன.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சின்னக் கடை ஒன்று காலியாகிறது. நல்ல ஷட்டர், நீளமான மேஜை, வெளிச்சம் கொட்டும் ஜன்னல். ஆறு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் கடை ஜெராக்ஸ்காரருக்குப் போய்விடும் என்று கட்டடத்துக்காரம்மா சொல்லிவிட்டார். மிக்ஸியக்காவுக்கு அந்தக் கடை வேண்டும். எதையும் அவள் இத்தனை ஆசையாய்க் கேட்டதில்லை.

"வாடகைய எதுலேர்ந்து எடுக்கறது? நீயே பாரு." ஆடிட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "எல்லா இனமும் முட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல உன் சிவப்பு வேற வாயப் பொளந்துகிட்டு இருக்கு."

"அது பொழுதுபோக்கு இல்லீங்க. என் வேலை."

"வேலைன்னா வரவு இருக்கணுமே. வரவுல என் சம்பளம் மட்டும்தான இருக்கு?"

அக்கம்பக்கத்தார் கையில் வைத்துவிட்டுப் போகிற நோட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும், தேவைக்கு வெளியே வரும். அதை அவள் எண்ணிப் பார்த்ததே கிடையாது. அவள் முகம் தொங்கிப்போயிற்று. லீவு நாளென்று வந்து சோபாவில் காலை நீட்டியிருந்த நர்ஸ் நாத்தனாருக்கு அண்ணியைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஆடிட்டர் அத்தோடு விட்டாரா? "செலவு பண்ணா இப்படிப் பண்ணணும்," என்று பச்சையில் விரலை வைத்தார். "காய்கறி! வருஷக்கணக்கா ஏறவே இல்ல. கிடங்குல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். போன மாசம் எல்லாரையும் உக்கார வச்சு, சிக்கனம்னா என்னன்னு கிளாஸே எடுத்தேன்."

மிக்ஸியக்கா குனிந்து அந்தத் தொகையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ஏங்க, இவ்வளவுதானா? இதுக்கு வெங்காயம், தக்காளிதான் வரும்."

"அதத்தான நான் வாராவாரம் வாங்கிட்டு வரேன்?"

"மிச்சக் காய்? கீரை? பழம்? அதெல்லாம் நான் என் டப்பாக் காசுலதான வாங்கறேன்!"

முதலில் வெடித்துச் சிரித்தது நாத்தனார். "ஐயோ அண்ணா! அண்ணி சம்பாத்தியத்துல சாப்பிட்டுட்டு, ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்லிக் குடுத்தியா நீ?"

ஆடிட்டர் முகத்தில் அசடு வழிந்தது. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க சம்பளத்துலேர்ந்து எடுத்தாத்தான் செலவுன்னு நெனச்சேன். இது செலவுன்னே தோணலீங்க."

"சரி, மொத்தம் எவ்வளவு வந்துச்சு? எழுதி வைக்கலியே!"

மிக்ஸியக்காவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "சிவப்பத் தொறங்க! நான் என்ன சாமான் வாங்கினேன்னு படிங்க, போதும்!"

ஆடிட்டர் படித்தார். "கார்பன் பிரஷ், ஒரு ஜோடி."

"மூணாம் மாடி டீச்சர் மிக்ஸி!" என்று கூலியைச் சொன்னாள். மனிதர்களை மறந்தாலும் அவள் மோட்டார்களை மறக்கமாட்டாள். நாத்தனார் போனில் கூட்ட ஆரம்பித்தாள்.

"கபாசிட்டர்."

"டெய்லர் வீட்டு ஃபேன். பாதி காசு, பாதிக்கு ஜன்னல் திரை தச்சுக் குடுத்தாரு."

"திரைய எந்த இனத்துல போடறது?" என்று கேட்ட ஆடிட்டரைப் பெண்கள் இருவரும் ஒருசேர முறைத்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவினார். போகப்போக அவருக்கே வேகம் பிடித்துவிட்டது. "சுவிட்ச்! பெல்ட்! ஹீட்டர் காயில்!" என்று ஏலம் விடுகிறவர் மாதிரி நின்றுகொண்டு கத்தினார். மொத்தத்தை மாசத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தபோது கடை வாடகை கழிந்து, சாமான் செலவும் கழிந்து, கொஞ்சம் மிச்சமும் நின்றது.

"இதெல்லாம் சமையல் நேரம் போக மிச்ச நேரத்துல," என்றாள் மிக்ஸியக்கா. "எடமில்லன்னு திருப்பி அனுப்பின வாஷிங் மெஷினெல்லாம் இதுல சேரவே இல்ல."

மணி ஐந்தரை. ஆடிட்டரே கட்டடத்துக்காரம்மாவுக்குப் போன் போட்டார். "கடை எங்களுக்குத்தாம்மா. இருங்க, மொதலாளிகிட்டயே குடுக்கறேன்," என்று போனை மனைவியிடம் நீட்டினார். பேசி முடித்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

ஆடிட்டர் உற்சாகமாகத் தொழில் என்று புது இனம் தொடங்கி, சிவப்பிலிருந்த அத்தனையையும் அதற்கு மாற்றினார். மாற்றிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொழுதுபோக்கு, சைபர்," என்றார். முந்தின வருஷத்தைத் திறந்தார். அதற்கு முந்தினதையும் திறந்தார். "எல்லாம் சைபர். நாம எங்கயுமே போகலியா?"

மிக்ஸியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து காசை எடுத்தாள்.

"எந்திரிங்க. அட்வான்ஸ் குடுத்துட்டு அப்படியே ஒரு சினிமாவுக்குப் போறோம்."

"நான் வரல, ரெண்டு பேரும் போங்க," என்று நாத்தனார் சோபாவில் சாய்ந்தாள்.

ஆடிட்டர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். இருந்த சட்டையெல்லாம் கிடங்குக்குப் போட்டுப் போகிற சட்டை. சினிமாவுக்கு எதைப் போடுவதென்று அவருக்குத் தெரியவில்லை.