நிரப்பியவர் பெயர்

வேதா குழாயைத் திறந்தாள், தண்ணீரைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்து மூடிவிட்டாள். நான்கு நாளாகச் சமையலுக்கும் கேன் தண்ணீர்தான். கிழக்குத் தாம்பரத்தின் அந்த அறுபது வீட்டுக் குடியிருப்பு முழுக்க இதே கூத்து. பம்பு அறையின் வடிகட்டித் தொட்டியில் கரி நிரப்பிய ஆளை, ஒரு சாவுக்குப் போன யாரோ மின்மயானத்தில் பார்த்துவிட்டார்களாம். காலையில் அங்கே பிணம் தள்ளும் கை, மத்தியானம் இங்கே குடிதண்ணீரைத் தொடுகிறது. கரியே அங்கிருந்துதான் வந்ததோ என்றுகூடப் பேசினார்கள். கொட்டாங்கச்சிக் கரி என்று மூட்டையிலேயே அச்சிட்டிருந்தது. யார் படித்தார்கள்?

வேதாவின் கணவர், குடியிருப்புச் சங்கச் செயலாளர் சத்யநாராயணன், தன் மருமகளைக் கூப்பிட்டார். சுப்ரஜா பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கரியின் மேற்பரப்பைத்தான் ஆராய்கிறாள்.

"கரி தரமில்லைன்னு ஒரு ரிப்போர்ட் குடும்மா. ஆளையும் சேர்த்து மாத்திடலாம். நிஜக் காரணத்தைப் பேப்பர்ல எழுத முடியுமா?"

அவள் கணவன் ராகவேந்திரா செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கரி நிரப்பிய அந்த ஆள் முனிரத்தினம், சுப்ரஜாவின் அப்பா என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு அவசரம். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டால்தான் சம்மதம் என்றிருந்தார் சத்யநாராயணன். அவளும் தலையாட்டித் தொலைத்தாள். கூடத்தில் அப்பாவின் இளவயதுப் படத்துக்குச் சந்தன மாலை தொங்குகிறது. இரண்டு வருஷமாக அதைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு, உயிரோடிருப்பவருக்கு விளக்கேற்றிய பாவி தான் என்று தோன்றும்.

மாதிரி எடுக்கக் கீழே பம்பு அறைக்குப் போனாள். முனிரத்தினம் தொட்டியின் மூடியை முடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா என்றாள்.

அவர் நிமிரவில்லை. "மேல போ கண்ணு. செத்தவன் பேசுனா ஒனக்குப் பேஜாராயிடும்."

மூட்டைக் கரியையும் தொட்டிக் கரியையும் தனித்தனியாகக் காரக் கரைசலில் ஊறவைத்தாள். மறுநாள் வடித்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தாள். கரியின் மேல் எவ்வளவு அமிலத்தன்மை இருக்கிறது, தண்ணீரிலிருந்து எதை எதை அது பிடித்திழுக்கும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் தெரியும். தொட்ட கை யாருடையது என்று சொல்ல ஒரு சோதனையும் இல்லை. இரண்டு கரியும் ஒன்றுபோலவே இருந்தன. கரியின் உறிஞ்சும் திறனைக் காட்டும் அயோடின் சோதனையும் அதையே சொன்னது.

அச்சிட்ட படிவத்தின் கடைசிக் கட்டத்தில், நிரப்பியவர் பெயர் என்ற இடத்தில், அவள் பேனா நின்றது. அங்கே எழுதினால் தாம்பரத்துக் கூரை அவள் தலைக்குமேல் இருக்காது. எழுதாவிட்டால் அப்பா இரண்டாம் முறை சாவார்.

சனிக்கிழமை காலை கூடத்துப் படத்திலிருந்த மாலையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்து, வேதா பார்க்கப் பார்க்கக் குடித்தாள். ரிப்போர்ட் எங்கே என்று மாமனார் கேட்டார். லிஃப்ட் கதவருகே ஒட்டியிருப்பதாகச் சொன்னாள்.

அவர் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார். அங்கே ஏற்கெனவே பத்துப் பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

'கரி தரமானது. மாற்றத் தேவையில்லை. நிரப்பியவர் பெயர்: முனிரத்தினம். என் அப்பா. உயிரோடு இருக்கிறார்.'