முதலிடத்தில் ஒரு நாய்ப் படம்

லிஃப்ட் மெக்கானிக் அந்தத் திரைப்படச் சங்கத்துக்குள் நுழைந்ததே ஒரு பழுதின் புண்ணியத்தில்தான். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஒரு பல் டாக்டர் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மெக்கானிக் மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஏறிப்போய், பிரேக்கைக் கையால் தளர்த்தி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக இறக்கி டாக்டரை மீட்டான். சட்டையெல்லாம் நனைந்துபோய் வெளியே வந்த டாக்டர், "வாங்க வாங்க, படம் ஆரம்பிச்சிருப்பாங்க" என்று அவன் கையைப் பிடித்து ஐந்தாவது மாடி ஹாலுக்குள் இழுத்துக்கொண்டு போனார். கிரீஸ் துணியும் கையுமாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவன், நாலு வருஷமாக ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

சங்கத்தில் இருபத்திரண்டு பேர். நடத்துபவர் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் பேராசிரியை. மற்றவர்களும் வக்கீல், ஆடிட்டர், பல் டாக்டர் என்று படித்தவர்கள். அவனை எல்லோரும் 'லிஃப்டு' என்றுதான் கூப்பிடுவார்கள், பிரியமாகத்தான். முதல் ஆளாக வந்து நாற்காலி போடுவதும், திரையை இறக்கிக் கட்டுவதும், படம் முடிந்ததும் நடக்கும் பேச்சில் தலையாட்டுவதும் அவன். தலையாட்டுவதில் ரொம்பத் தேர்ந்துவிட்டான். எந்த இடத்தில் மெதுவாக ஆட்ட வேண்டும், எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி.

அவனுக்குச் சினிமா என்றால் உயிர். அதில் பொய்யில்லை. ஆனால் அங்கே போட்ட படங்களில் பாதிக்கு மேல் அவன் தொண்டையில் இறங்கவில்லை. கோளாறு தன்னிடம்தான் என்று நினைத்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அவ்வளவுதான் எட்டும் என்று தோன்றும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சங்கத்துக்குப் பத்து வயசானபோது ஒரு சிறு புத்தகம் போடலாம் என்று பேராசிரியை சொன்னார். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பத்துப் படங்களை வரிசைப்படுத்தித் தர வேண்டும். முதலிடத்துப் படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிறு எல்லோரும் வாசிக்க வேண்டும். வீட்டு ஆட்களையும் அழைத்து வரலாம்.

மறுநாள் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்து மெஷின் ரூமில், சாப்பாட்டு நேரத்தில், சர்வீஸ் ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுத உட்கார்ந்தான். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை அது பாட்டுக்கு 'ஒன்று' என்று போட்டு, தபால்காரர் படத்தை எழுதியது.

அது ஒரு பழைய சிரிப்புப் படம். நாயைக் கண்டால் நடுங்கும் தபால்காரர் ஒருவருக்கு, முன்பின் பார்த்திராத மாமா ஒருவர் நாய்கள் பழக்கும் பள்ளிக்கூடத்தை எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போகிறார். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் ஓட்டமும் விழுதலும் சட்டை கிழிதலும். இரண்டாம் இடத்தில் ஒரு பேய்ப் படம் வந்தது. மூன்றாவது, ஏழு பாட்டும் நாலு சண்டையும் உள்ள ஒன்று. பத்தும் எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தான். ஆடிட்டர் இதை வாசிக்கக் கேட்டு என்ன முகம் காட்டுவார் என்று நினைத்தபோதே காது சுட்டது. தாளை நாலாய்க் கிழித்துச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடினான்.

அடுத்த பட்டியலைப் படித்தவர்கள் மெச்சும்படி தயாரித்தான். முதலிடத்தில், சங்கத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் போட்ட நாலு மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படம். ரயில் நிலையத்தில் ஒரு விதவை மகனுக்காகக் காத்திருப்பாள். பாதிப் படத்தில் மெக்கானிக் தூங்கிவிட்டான். விழித்தபோது விளக்குப் போட்டு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவனும் துடைத்துக்கொண்டான், அது தூக்கக் கலக்கம். ஒரு பக்கம் எழுத என்ன செய்வது? சங்கத்து அலமாரியில் பழைய செய்தி மடல்கள் தூசி படிந்து கிடந்தன. பெயர் போடாத ஒரு கட்டுரை அதே படத்தைப் பற்றி இருந்தது. அங்கே இரண்டு வரி, இங்கே மூன்று வரி என்று உருவி, தன் கையெழுத்தில் எழுதினான்.

வாசிப்பு நாளன்று அவன் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டுவதைப் பார்த்து அக்கா கேட்டாள், "எங்கடா மாப்பிள்ளைக் கணக்கா?"

அக்கா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். துணிக்கடைகளுக்குக் கால்சட்டை நீளம் குறைத்து மடித்துத் தைத்துக் கொடுக்கும் வேலை. அம்மா போனபோது அவனுக்குப் பத்து வயது, அவளுக்குப் பத்தொன்பது. அப்போது அவள் ஒரு தியேட்டரில் பால்கனி வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தனியாக விட ஆளில்லாததால் தினமும் சாயங்காலம் அவனைக் கடைசி வரிசைக்குப் பின்னால் படியில் உட்கார வைத்துவிடுவாள். அந்த வருஷம் தபால்காரர் படம் நூற்றுப் பதினான்கு நாள் ஓடியது. அவன் நூற்றுப் பதினான்கு தடவை பார்த்தான்.

"சங்கத்துல ஒரு கூட்டம்க்கா. படத்தைப் பத்திப் பேசணும்."

"நீயா? மேடையிலயா? இரு, நானும் வரேன்."

"உனக்குப் போரடிக்கும்."

"நீ பேசறது எனக்குப் போரடிக்குமாடா?" என்று அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஹாலில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அக்கா இரண்டாவது வரிசையில் ஆடிட்டரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் முறை வந்தது. பத்திலிருந்து ஒன்று வரைக்கும் வாசித்தான். ஒவ்வொரு பேருக்கும் முன்வரிசை தலையாட்டியது. கடைசியில் கட்டுரை. "இறுதிக் காட்சியில் பெய்யும் மழை, அவள் இதுவரை அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வருவது போல..." என்று குரலைத் தாழ்த்தி முடித்தான். கைதட்டல்.

பல் டாக்டர் கையைத் தூக்கினார். "பிரமாதம் லிஃப்டு. ஆனா ஒரு சந்தேகம். கடைசியில மழையா பெய்யுது? எனக்கென்னமோ வெயில் அடிச்ச மாதிரி ஞாபகம்."

"மழைதான் டாக்டர்," என்றான் உடனே. "நல்ல மழை."

"அப்படியா?"

"நான் ரெண்டு தடவை பார்த்திருக்கேன்."

பேராசிரியை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி மனசுல தங்கும், டாக்டர். விடுங்க," என்றார். பேச்சை மாற்றத்தானோ என்னவோ, அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க தம்பிக்குச் சின்ன வயசுலேயே இந்தக் கிறுக்கு உண்டா?"

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, கேக்காதீங்க! தியேட்டர்லயே வளர்ந்த புள்ளை. அந்தத் தபால்காரர் படம் இருக்கே, நாய் துரத்துமே, அதை நூறு தடவைக்கு மேல பார்த்தான். வீட்டுல என்னைத் தபால்காரரா ஓட விட்டு இவன் நாயாக் குரைப்பான். இப்பவும் வசனம் ஒண்ணு விடாமச் சொல்லுவான். ஏன்டா, அதை எழுதலையா நீ?"

ஹால் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் ஆடிட்டர், "அந்த நாய்ப் படமா? அடக் கடவுளே!" என்று நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

அவன் தாளை மடித்துக்கொண்டான். "அது அக்காவோட டேஸ்ட்," என்றான். "அங்க வேலை பார்த்தா. அவளுக்கு அந்த மாதிரிப் படம்தான் பிடிக்கும். நான் சும்மா கூட உக்காந்திருப்பேன். அவளுக்கு இதெல்லாம் புரியாது, விடுங்க."

அக்கா ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு ஐம்பது பேரையும் பார்த்துச் சிரித்தாள். "ஆமாமா, எனக்குத்தான் அந்தக் கிறுக்கு. மாத்திச் சொல்லிட்டேன்," என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஆடிட்டர் மனைவியின் புடவைக் கரையைப் பற்றிப் பேசினாள். நாளைக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய பதினாறு கால்சட்டைகளைப் பற்றிப் பேசினாள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான், ஆறிப்போயிருக்கும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

நாலாம் நாள் கல்லூரிக்குப் போய், வகுப்பு முடிந்து வந்த பேராசிரியையை ஆசிரியர் அறையில் பிடித்தான்.

"மேடம், அந்தக் கட்டுரை நான் எழுதினதில்லை."

"தெரியும்," என்றார் அவர். "நான் எழுதினது."

உட்காரச் சொல்லி அவர் நாற்காலியைத் தள்ளினார்.

"ஒன்பது வருஷம் முன்னாடி எழுதினேன். டாக்டர் சொன்னதுதான் சரி. கடைசியில மழை கிடையாது, பளீர்னு வெயில். நான் ஞாபகத்துல இருந்து எழுதினதால தப்பாப் போச்சு. என் தப்பையும் சேர்த்துக் காப்பி அடிச்சிட்டீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்."

"உங்க அக்கா எதிர்லயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என் கட்டுரையைத் திருடினது பெரிய விஷயமில்லை. அவங்க 'மாத்திச் சொல்லிட்டேன்'னு சொன்னாங்க பாருங்க, அதைக் கேட்டதுல இருந்து எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. நான் கேட்டிருக்கவே கூடாது," என்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்து வைத்தார். "வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. மாத்தணும்னா இப்பவே எழுதுங்க."

அங்கேயே எழுதினான். ஒரு பக்கம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. தபால்காரர் மதில் மேல் நின்றுகொண்டு நாய்க்குக் கடிதம் படித்துக் காட்டும் இடம், கடைசி வரிசைப் படியின் குளிர்ச்சி, வாசலில் டிக்கெட் கிழிபடும் சத்தம். எழுத்துப் பிழைகளோடு அப்படியே கொடுத்தான். பேராசிரியை படித்துவிட்டு இரண்டு பிழைகளைத் திருத்தினார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

புத்தகம் வந்த பிறகுதான் அவனுக்கு அந்தத் தைரியம் வந்தது. அக்கா தரையில் கால்சட்டைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து மடிப்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். வாயில் நாலு குண்டூசி. அவன் பக்கத்தைத் திறந்து நீட்டினான். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, கண்ணாடி போட்டு, எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கே," என்றாள்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா."

"எப்படி?"

"அதான்... அப்படி."

"எப்படின்னு சொல்லு."

அவள் விடுவதாக இல்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்குப் பிடிச்ச படத்தை உன் தலையில கட்டினேன். உனக்குப் புரியாதுன்னு சொன்னேன்."

"நீ வெட்கப்பட்டது படத்துக்கா, எனக்கா?"

படத்துக்கு என்று சொல்ல வாயெடுத்தான். இன்னொரு பொய் சொல்ல அன்றைக்கு அவனால் முடியவில்லை. "ரெண்டுக்கும்," என்றான்.

அக்கா கால்சட்டையின் மடிப்பை விரலால் நீவி நீவி விட்டாள். கண் கலங்கியதா என்று பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா," என்றாள் கடைசியில். "எனக்கு அந்தப் படம் ஆகவே ஆகாது. நாலு மாசம் ஒரே குரைப்பு. தலை வெடிச்சிரும். முதலாளி எப்படா படத்தை மாத்துவார்னு நாளை எண்ணிக்கிட்டிருந்தேன்."

அவன் திரும்பினான். "நீயும் சிரிப்பியேக்கா."

"நீ சிரிச்சே, நானும் சிரிச்சேன். அம்மா போனப்புறம் நீ வாயைத் திறந்ததே அந்தப் படத்துக்குத்தான்."

முப்பது வருஷமாக அது அக்காவுக்கும் பிடித்த படம் என்று அவன் நம்பியிருந்தான். பொய் சொல்லும்போதுகூட அதைப் பாதி உண்மை என்றே நினைத்துச் சொல்லியிருந்தான். இருபத்திரண்டு பேரின் பத்துப் படங்களும் அவனுக்கு மனப்பாடம். ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எது பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"அப்போ உனக்கு எந்தப் படம்க்கா பிடிக்கும்?"

"எனக்கா? வாசல்ல நின்னவ நான். எந்தப் படத்தை முழுசாப் பார்த்தேன்?" அவள் ஊசியில் நூல் கோக்க முயன்று, தவறி, அவனிடம் நீட்டினாள். அவன் கோத்துக் கொடுத்தான். "ஒரு படம் இருந்துச்சு. மூணு வாரம்தான் ஓடுச்சு, கூட்டமே இல்லை. ஒரு பொண்ணு தனியா வீடு பார்த்துக் குடிபோவா. முதல் அரை மணி நேரம் மட்டும் தினமும் பார்ப்பேன், அதுக்கப்புறம் கிழிச்ச டிக்கெட் கட்டை எண்ணக் கீழே போயிருவேன். அந்த வீட்டை அவ கழுவி விடுவா பாரு, ஒவ்வொரு ஜன்னலா..."

"பேர் என்ன?"

"பேரா ஞாபகம் இருக்கு? கதை சொல்றேன், கேக்கறியா?"

அவன் குவியலை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். தலையாட்டவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்க்க இன்னும் கூச்சமாக இருந்தது. அவள் கையையே பார்த்துக்கொண்டு கேட்டான்.