சத்தம் கேட்டால் திறக்காதே

எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் ஒருவர் வயிற்றில் அடிப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார். அன்று விடிகாலையில் பொங்கியண்ணன் என் வண்டியை மறித்துப் பேசியதும் அப்படித்தான் இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, உங்க வண்டி சத்தத்துல லேஅவுட்ல ஒருத்தரும் தூங்கறதில்லீங்க. நாங்களும் பொறுத்துப் பாத்தமுங்க. திங்கக்கெழமையில இருந்து சத்தம் கேட்டா கேட்டைத் தொறக்க வேண்டாம்னு முனீஸ்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க."

பொங்கியண்ணன் சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்துகிறவர். வைரம் அவென்யூ என்ற அந்த லேஅவுட்டின் சங்கச் செயலாளர். வாட்ச்மேன் முனீஸ் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கேட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் இளங்கோவும் தரையைத்தான் பார்த்தார். தரையில் அப்படி என்ன இருந்ததோ தெரியவில்லை.

எங்களுடையது டிபன் டிரெய்லர். இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு தகர அறை, அதற்குள் அடுப்பு, இட்லிக் கொப்பரை, பக்கவாட்டில் ஒரு ஷட்டர். பழைய ஜீப்பின் பின்னால் கோத்து இழுத்துப் போவோம். கம்பெனி வாசலில் நைட் ஷிப்ட் முடிந்து வருகிற கூட்டமும் காலை ஷிப்டுக்குப் போகிற கூட்டமும் கலக்கிற நேரம்தான் எங்களுக்கு வியாபாரம். வெயில் ஏறிவிட்டால் இட்லியை நாங்களேதான் தின்ன வேண்டும். எங்கள் வீடு லேஅவுட்டுக்குப் பின்னால் இருக்கிற காலனியில். மெயின் ரோட்டுக்குப் போக லேஅவுட் வழியாக ஒரே ஒரு தார் ரோடு, அது மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில்தான் அந்தக் கேட். இன்னொரு வழி ஓடைத் தடம். ஒருமுறை அதில் போய்ப் பார்த்து, சக்கரம் புதைந்து, சாம்பார் முழுக்க ஓடைக்குப் போனது. ஆக, கேட் திறக்காவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது. இது பொங்கியண்ணனுக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சத்தம் நிஜம். என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நான் பனியன் கம்பெனி செக்கிங்கில் வேலை பார்த்தவள். குறை கண்ணில் பட்டுவிட்டால் நல்ல பீஸ் என்று தள்ளிவிட எனக்கு மனசு வராது, அது என்னுடைய பீஸாகவே இருந்தாலும். பிரேக் போட்டால் 'டங்' என்று ஜீப்பை முட்டும். கிளம்பினால் 'லொடக்' என்று இழுக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டிய காவல் சங்கிலி தரையில் உரசிக்கொண்டே வரும். அந்த லேஅவுட்டில் வேகத்தடைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

"உடு கலா, வேற எடம் பாத்துக்கலாம்" என்றார் இளங்கோ.

"எந்த எடம்?"

அவர் நல்ல மனிதர். ஆனால் யாராவது தள்ளு என்றால், எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டு தள்ளுகிற ரகம்.

நான் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தேன். திருப்பூரில் குழாய் ஒழுகினாலும் பனியன் வேஸ்ட், மேஜைக்கால் ஆடினாலும் பனியன் வேஸ்ட்தான். ஜீப்பின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவ்வுகிற கிண்ணம் டிரெய்லரின் மூக்கில் இருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள் பனியன் வெட்டி மிஞ்சிய கட்டிங் துணியை ஒரு கை நிறையத் திணித்து, குண்டின் மேல் அழுத்தி உட்கார வைத்தேன். மறுநாள் சத்தம் பாதிக்குப் பாதி அடங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

அதற்கும் அடுத்த நாள் மெயின் ரோட்டு வேகத்தடையில் டிரெய்லர் துள்ளிக் குண்டை விட்டு வெளியே வந்துவிட்டது. உள்ளே துணி அடைத்துக்கொண்டதால் கிண்ணத்தின் பூட்டு குண்டின் அடிவரைக்கும் இறங்கிப் பிடிக்கவே இல்லை. சங்கிலி மட்டும் இல்லையென்றால் அடுப்பும் சிலிண்டருமாக மொத்தமும் பின்னால் ஸ்கூட்டியில் வந்த பெண்ணின் மேல் போயிருக்கும். இளங்கோ எப்படியோ ஓரம் கட்டி நிறுத்தினார். நான் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். பயத்தில்தான் அழுதேன்.

அன்றைக்கே மெக்கானிக் கந்தவேலிடம் போனோம்.

"வண்டிச் சத்தந்தான் தம்பி பிரச்சனை" என்றேன்.

"அதிகமாக் கேக்கறாங்களாக்கா?" என்றான். எங்கள் பக்கத்தில் வண்டி வாடகைக்கும் சத்தம் என்றுதான் பேர். விஷயத்தைச் சொன்னதும் குனிந்து கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துணியை இழுத்தான். அது வந்துகொண்டே இருந்தது.

"ஏனக்கா, இது வண்டிங்களா, தலகாணிங்களா?"

கிண்ணத்தைவிடக் குண்டு சின்னது. ஜீப்பை எங்களுக்கு விற்றவன் கைக்குக் கிடைத்ததை மாட்டிக் கொடுத்திருக்கிறான். கந்தவேல் அளவான குண்டு மாற்றி, பூட்டு அடியில் போய்ப் பிடிக்கிறதா என்று இளங்கோவையும் தொட்டுப் பார்க்கச் சொன்னான். கிரீஸ் தடவினான். குண்டைத் தாங்கும் கம்பியும் ஜீப்பின் பொந்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு ஓர் இரும்புப் பட்டி போட்டு நட்டை முறுக்கினான். சங்கிலிக்குப் பழைய சைக்கிள் டியூப்பை மாட்டி, திருப்பத்தில் இழுக்காமலும் தரையில் உரசாமலும் நீளத்தைச் சரிசெய்தான். கடைசியில் டிரெய்லரைப் பிடித்து உலுக்கினான். ஜீப்பும் கூடவே அசைந்தது.

"இப்ப ரெண்டும் ஒண்ணா ஆடுது பாருங்க. தனித்தனியா ஆடுனாத்தானுங்க சத்தம்."

திங்கட்கிழமை வந்தது. இருட்டில் கேட்டை நெருங்கினோம். வேகத்தடை ஏறி இறங்கினோம். ஒன்றுமில்லை. முனீஸ் நாற்காலியை விட்டு எழுந்து, கழுத்தைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கேட்டைத் திறந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அப்படியே போனோம், வந்தோம். பொங்கியண்ணன் வீட்டு ஜன்னலில் ஒருநாளும் லைட் எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேஅவுட் பூங்காவில் சங்கக் கூட்டம். அங்கே குடியிருக்கிற சுபஸ்ரீ டீச்சர் கூட்டத்துக்குப் போண்டா சொல்லியிருந்தார். நானே தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு போனேன். பொங்கியண்ணன் என் போண்டாவை மென்றுகொண்டே பேசினார்.

"அந்த டிரெய்லரை நிறுத்துன பொறவு எவ்வளவு நிம்மதின்னு பாருங்க. எங்கம்மா இந்த வாரந்தான் நல்லாத் தூங்கறாங்க. அம்மிணிக்கும் நம்ம மேல வருத்தமில்லீங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"ஏனுங்கண்ணா, நான் எங்க நிறுத்துனேன்? தெனமும் உங்க ஊட்டு முன்னால போயிட்டுத்தானுங்க இருக்கறேன்."

பொங்கியண்ணன் முனீஸ் பக்கம் திரும்பினார். "ஏப்பா, தொறக்க வேண்டாம்னு சொன்னனா இல்லியா?"

"சத்தம் கேட்டா தொறக்காதன்னுதான அண்ணாச்சி சொன்னீக? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் முனீஸ்.

யாரோ சிரித்தார்கள். அது பரவியது. பொங்கியண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"சத்தம் மட்டுமில்லீங்க. லேஅவுட்டுக்குன்னு ஒரு கௌரவம் இருக்குதில்லீங்களா? விருந்தாளி, சரக்கு வாங்கற பையர் எல்லாம் வர்ற ரோட்டுல இட்லி வண்டி போனா நல்லாவா இருக்கும்? நாளையில இருந்து சத்தம் வந்தாலும் வராட்டியும் தொறக்கக் கூடாதுங்க."

ஆக, இதுதான் விஷயம். சத்தம் என்ற போர்வைக்குள் இது படுத்திருந்திருக்கிறது. நான் போசியைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, இந்த ரோடு பஞ்சாயத்துதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் நான் ஏன் சண்டைக்கு வர்லீன்னா, சத்தம் நெசமுங்க. என் வண்டி ஆடுச்சு. அது என் குத்தம், நான் சரி பண்ணிட்டேன். இப்ப நீங்க சொல்ற குத்தம் என் வண்டியில இல்லீங்க. அதை நான் எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோறது? நாளைக்கும் அதே நேரத்துக்கு வருவனுங்க. பூட்டியிருந்தா கேட்டு முன்னாலயே ஷட்டரைத் தூக்கி அடுப்பப் பத்த வெச்சுக்கறேன். அப்பறம் உங்க காரும் வெளிய போகாதுங்க, உங்க பையரும் உள்ள வரமாட்டாருங்க."

சுபஸ்ரீ டீச்சர் மட்டும் எழுந்து, "அவங்க சொல்றது நாயந்தானுங்களே" என்றார். நான் காலிப் போசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விடிகாலையில் இளங்கோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். "எடுங்க" என்றேன். எடுத்தார். கேட் பூட்டியிருந்தது. முனீஸின் நாற்காலி காலி. சால்வையைப் போர்த்திக்கொண்டு பொங்கியண்ணனே நின்றிருந்தார், கையில் சாவி. இளங்கோவின் கை ஹாரன் பக்கம் போனது. வேண்டாம் என்று தடுத்துவிட்டு, இறங்கிப் பின்னால் போய் ஷட்டரின் கொண்டியைக் கழற்றினேன்.

பொங்கியண்ணன் என்னைப் பார்த்தார். காலை ஷிப்டுக்கு ஆட்கள் வரப்போகிற காலனிப் பக்கம் இருட்டைப் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்து, கேட்டைத் தள்ளிவிட்டு ஓரமாக நின்றார்.

கொண்டியை மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அவரைத் தாண்டிப் போகும்போது நன்றி சொல்லவில்லை. ரோட்டில் போவதற்கு யாருக்கு நன்றி சொல்வது?