எழுபத்தொரு பேரும் ஒரு ரேடியோவும்

"தண்ணி வருதா?"

"வருது அத்தை."

"நல்லா வேகமாத் திற. அவ தலையைப் பிடிச்சுக் குழாய்க்குக் கீழ வை. தேய்க்காதே. வெறும் தண்ணி மட்டும் ஓடட்டும்."

"கடிக்கறா அத்தை."

"கடிச்சாக் கடிக்கட்டும். நீ விடாதே. கண்ணை மூடிக்கச் சொல்லு."

"எங்க மூடறா! என்னைத் திட்டவே அவளுக்கு வாய் பத்தலை. லைவை ஏன்டி கட் பண்ணே, லைவை ஏன்டி கட் பண்ணேன்னு..."

தொப்பென்று எதுவோ தண்ணீருக்குள் விழும் சத்தம். அதற்குப் பிறகு குழாய் ஓடும் ஓசைகூட இல்லை.

அம்மா ரிசீவரை வைத்தாளா, தொங்க விட்டாளா என்று அவளுக்கே தெரியாது. மேலங்கியைக் கழற்றவில்லை. லாக்கரில் பூட்டியிருந்த கைப்பேசியை எடுக்கவில்லை. மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழகுப் பொருள் கவுண்டருக்கு முன்னால், மேலுதட்டுக்கு மட்டும் சாயம் பூசப்பட்ட ஒரு வாடிக்கையாளர் உயரமான நாற்காலியில் காத்திருந்தார். "கீழ் உதடு?" என்று அவர் கேட்டது முதுகுக்குப் பின்னால் எங்கோ தேய்ந்து மறைந்தது.

அந்த அழைப்பு அவளிடம் வந்து சேர்ந்ததே பெரிய காரியம். வேலை நேரத்தில் யாருக்குப் போன் வந்தாலும் இடைவேளை வரை சொல்லக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். வாசல் காவலர் மீசைக்காரர் அந்தச் சட்டத்தை எட்டு வருடமாகக் கட்டிக் காத்து வந்தவர். அன்றைக்கு மட்டும், தன் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, வாசனைத் திரவியங்களுக்கு நடுவே மூச்சிரைக்க ஓடி வந்தார். "தங்கச்சி, யாரோ ஒரு சின்னப் பொண்ணு போன்ல மூச்சு விடாமப் பேசுது. ஒண்ணும் விளங்கலை. மேக்கப் அத்தை, மேக்கப் அத்தைன்னு மட்டும் விளங்குது. அது நீதானே?"

மூச்சு விடாமல் பேசினால் அது ரேடியோதான். மகளின் வகுப்புத் தோழி. அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே குடியிருக்கும் தையற்காரியின் மகள். காலையில் கண் விழித்ததும் தொடங்கும் அவள் ஒலிபரப்பு, தூங்கும்போதுதான் நிற்கும் என்று வகுப்பாசிரியர் வைத்த பெயர் அது. மகளுக்கும் ஒரு பெயர் உண்டு. மின்மினி. பதினொரு வயதில் தன் காணொளிப் பக்கத்துக்காக அவளே வைத்துக்கொண்ட பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. பள்ளி விட்டு வந்ததும் இருவரும் அம்மாவின் பழைய கைப்பேசியை எடுத்துக்கொள்வார்கள். மின்மினி நேரலையில் முகத்தில் ஒவ்வொன்றாகப் பூசுவாள். ரேடியோ கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பேசத் தடை. ரேடியோவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை.

கடையிலிருந்து வீடு கால் மணி நேர நடை. அம்மா எட்டு நிமிடத்தில் வந்தாள். படிகளை எப்படி ஏறினாள் என்பது அவள் முழங்கால்களுக்குத்தான் தெரியும்.

குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நிரம்பி வழிந்த வாளிக்குள் கைப்பேசி அடியில் கிடந்தது. ரேடியோ, சீருடை முழுக்க நனைந்து, பற்கள் தந்தியடிக்க, மின்மினியின் கழுத்தை ஒரு கையாலும் நெற்றியை மறு கையாலும் பிடித்தபடி நின்றாள். மின்மினி சண்டை போட்டு ஓய்ந்து வெறுமனே விம்மிக்கொண்டிருந்தாள்.

"இன்னுமா பிடிச்சுட்டு இருக்கே?"

"நீங்க நிறுத்தச் சொல்லவே இல்லையே அத்தை."

அம்மா அந்த இரண்டு தலைகளையும் சேர்த்து ஒரு கணம் மார்போடு அணைத்துக்கொண்டாள். யாருடைய தண்ணீர் எங்கே நனைத்தது என்று தெரியவில்லை.

மருத்துவர், வயதில் இளைய பெண், மின்மினியின் கன்னத்தை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கன்னத்திலும் கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. நெற்றி முழுக்கச் சிவப்பு.

"யார் கழுவி விட்டது?"

"இவ கூட்டாளி."

"எவ்வளவு நேரம்?"

"நான் வந்ததுக்கு அப்புறமும் கழுவினோம். மொத்தம் இருபது நிமிஷம் இருக்கும் டாக்டர்."

"அந்தப் பொண்ணை இங்க வேலைக்கு அனுப்பறீங்களா? பெரியவங்களே ரெண்டு நிமிஷம் கழுவிட்டு ஓடி வந்துடறாங்க." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் தாமதமாகி இருந்தா தழும்பு நின்னிருக்கும். இது உரிஞ்சு, ஆறி, சரியாப் போயிடும். பத்து நாள் வெயில் கூடாது. முகத்துல நான் குடுக்கற களிம்பைத் தவிர எதுவும் கூடாது. ஆமா, இந்த வயசுப் பொண்ணு கைக்கு இது எப்படிப் போச்சு?"

"நான்தான் கொண்டு வந்தேன்," என்றாள் அம்மா.

உண்மை அதுதான். கவுண்டரில் வாடிக்கையாளர்கள் தொட்டுப் பார்க்கத் திறந்து வைக்கும் பாட்டில்களை மாதக் கடைசியில் எறிந்துவிட வேண்டும். பாதிக்கு மேல் மிச்சமிருப்பதை எறிய யாருக்கு மனசு வரும்? கவுண்டர்ப் பெண்கள் எல்லோரும் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். வாசலில் கேள்வி வராமலிருக்க லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். லேபிள் போனால் எது எதுவென்று எப்படித் தெரியும்? அதற்காக அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. பாட்டில் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட் இருந்தால் பூசி விட்டுவிடலாம். இரண்டு இருந்தால் முகம் பளிச்சிட மேல்தோலை உரிக்கும் அமிலம், ஐந்து நிமிடத்தில் கழுவியாக வேண்டும். அந்தக் கவுண்டரில் நிற்கும் ஆறு பெண்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத சட்டம்.

மின்மினி எல்லா ரப்பர் பேண்டையும் கழற்றிவிட்டிருந்தாள்.

"அசிங்கமா இருந்துச்சும்மா," என்றாள் அன்று மாலை, சுவரைப் பார்த்துப் படுத்தபடி. "அந்த அக்காங்க வீடியோல எல்லாம் பாட்டில் பளிச்சுன்னு வரிசையா நிக்கும். நம்ம வீட்டுது மட்டும் மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரி இருந்துச்சு."

"எரிஞ்சப்போவாவது கழுவியிருக்கலாமேடி."

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அவங்க சொல்லுவாங்க."

"யாரு அவங்க?"

"அவங்கதான்."

அதே வார்த்தையை அம்மாவும் கவுண்டரில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"எல்லாம் அந்த ரேடியோவால," என்றாள் மின்மினி. "எழுபத்தொரு பேரு பாத்துட்டு இருந்தாங்கம்மா. இதுவரைக்கும் பதினெட்டு பேரைத் தாண்டினதே இல்லை. அதுல பாதி நம்ம சொந்தக்காரங்க. அவளுக்கு வயித்தெரிச்சல். கட் பண்ணிட்டா. போனையும் தண்ணியில போட்டுட்டா. இனிமே அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

அம்மாவுக்கு ஒரு திட்டு நாக்கு நுனி வரை வந்தது. அந்தத் திட்டை விழுங்கிவிட்டுக் களிம்பைத் தடவினாள்.

மறுநாள் ரேடியோவுக்கு நன்றி சொல்லக் கீழே போக வேண்டும். வெறும் கையோடு எப்படிப் போவது? பிறந்த நாளோ கல்யாணமோ, அம்மா கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். ஒரு உதட்டுச் சாயம், ஒரு வாசனை சோப்பு, ஒரு கண் மை. அலமாரியைத் திறந்து வெகுநேரம் நின்றாள். அந்தக் குழந்தையின் கையில் கொடுக்கும் தகுதியுள்ள பொருள் ஒன்றுகூட அதில் இல்லை என்று தோன்றியது. வெறும் கையோடுதான் போனாள்.

தையற்காரி இயந்திரத்தை நிறுத்தவில்லை. ரேடியோ உள்ளறைக் கதவிடுக்கில் பாதி முகமாகத் தெரிந்தாள்.

"அக்கா, உங்க பொண்ணு என் பொண்ணுக்கு..."

"தெரியும். பொண்ணு எப்படி இருக்கா?"

"ஆறிடும்னு சொன்னாங்க. உங்க பொண்ணு இல்லேன்னா..."

"நல்லது." இன்னும் ஒரு முழத் துணியை அவள் ஊசிக்கு அடியில் தள்ளினாள். "எம் பொண்ணு நேத்து ராத்திரி சாப்பிடலை. பேசலை. இவ பேசாம இருந்து நான் பாத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, அந்தப் புள்ள செத்துப் போயிடுமான்னு கேட்டா. பதினொரு வயசுப் புள்ளைக்கு எதுக்குங்க அந்தப் பயம்? கோவிச்சுக்காதீங்க. இனிமே அவளை மேல அனுப்பறதா இல்லை."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? தன் மகள் என்றால் தானும் அதையேதான் சொல்லியிருப்பாள். அம்மா கதவிடுக்கைப் பார்த்து இரு கைகளையும் கூப்பினாள். ரேடியோ வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் நன்றி சொல்லத் தோன்றியது. மீசைக்காரருக்குச் சொன்னாள். "அட, நான் என்ன பண்ணேன், தொப்பைக்கு ஒரு ஓட்டம் கெடச்சுது" என்றார். பாதி உதட்டோடு விட்டுப் போன வாடிக்கையாளர் மறுபடி வந்தபோது அவரிடமும் சொன்னாள். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை, ஆனால் கீழ் உதட்டுக்கும் பூசிக்கொண்டு போனார். காலையில் குழாயைத் திறக்கும்போது தண்ணீர் வந்தால் ஒரு கணம் அதன் கீழே விரல்களை நீட்டி நின்றாள்.

வியாழக்கிழமை கவுண்டருக்கு ஒரு சிறுமி வந்தாள். பள்ளிப் பை முதுகில். அந்த அமிலத்தின் பெயரையும் எத்தனை சதவீதம் என்பதையும் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அம்மாவின் தோளுக்குப் பின்னால், அலமாரியில், அது அடுக்கடுக்காக நின்றது.

"அது தீர்ந்து போச்சும்மா."

"பின்னாடி இருக்கே."

"அது காலி டப்பா. அழகுக்கு வெச்சிருக்கோம்."

"எல்லாமே காலியா?"

"எல்லாமே காலி."

பக்கத்துக் கவுண்டர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். "நீ இப்படி வியாபாரம் பண்ணினா நாளைக்கு நாம ரெண்டு பேரும் காலி" என்றாள். ஆனால் மேலாளரிடம் சொல்லவில்லை. அதற்கும் அம்மா நன்றி சொன்னாள். வீட்டுக்குப் போனதும் அலமாரியிலிருந்த எல்லாப் பாட்டிலையும் ஒரு பையில் கட்டி, கடையின் கழிவுத் தொட்டிக்கே திரும்பக் கொண்டு வந்து போட்டாள்.

மின்மினியின் முகம் வெங்காயத்தோல்போல் மெல்ல மெல்ல உரிந்தது. அடியிலிருந்து புதுத்தோல் வந்தது, இளஞ்சிவப்பாக, அப்போதுதான் பிறந்ததுபோல. அவளுக்கோ அதைக் காணச் சகிக்கவில்லை. கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடினாள். திங்கட்கிழமை பள்ளி. "ஒரே ஒரு நாளைக்கு மறைக்கிற க்ரீம் போட்டு விடும்மா," என்று கெஞ்சினாள். எந்த நிறம் அந்தத் தோலோடு அப்படியே கலந்துவிடும் என்று அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். இருந்தும் முடியாது என்றாள். "அப்போ நான் போகவே மாட்டேன்," என்றாள் மகள். வாசற்படி தாண்டி ஒன்பது நாளாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகலில், ஜன்னலோரம் பிரித்துக் காய வைத்திருந்த கைப்பேசிக்கு உயிர் வந்தது. மின்மினி பாய்ந்து எடுத்தாள். நேரலை நின்றுபோன இடம் வரைக்கும் அப்படியே சேமிப்பாகியிருந்தது.

"வா, வந்து பாரு. எத்தனை பேரு இருந்தாங்க, எப்படி ஹார்ட் போட்டாங்க, அவ எப்படிக் கெடுத்தான்னு நீயே பாரு."

இருவரும் கட்டிலில் அமர்ந்து பார்த்தார்கள். திரையில் மின்மினி சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னங்கள் சிவந்துகொண்டே வந்தன. இதயங்கள் குமிழிகள்போல மிதந்து ஏறின. 'கலர் வருது' என்று யாரோ எழுதினார்கள். 'இன்னும் கொஞ்சம் வை' என்று இன்னொருவர். படத்துக்கு வெளியே ஒரு குரல்.

"ஏய், போதும்டி. கழுவுடி."

மின்மினி திரையில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எரியுதுல்ல? கண்ணுல தண்ணி வருது உனக்கு. பொய் சொல்லாதே. கழுவுடி. ஓரமெல்லாம் வெள்ளையாகுதுடி. உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், கழுவுடி."

'கத்தற பொண்ணு யாரு? வெளிய போகச் சொல்லு' என்று ஒரு வரி ஓடியது. அதற்கு நாற்பது இதயங்கள். திரையில் மின்மினி அதைப் படித்தாள். சிரித்தாள். கைப்பேசியைப் பிடித்திருந்தவளைப் பார்த்து, எழுபத்தொரு பேர் கேட்கும்படி சொன்னாள்: "கேட்டுச்சா? நீ வெளிய போடி. உன் மூஞ்சிக்கெல்லாம் இது எங்க புரியப்போகுது."

படம் ஒரு முறை நடுங்கியது. ஆனால் கைப்பேசியைப் பிடித்தவள் போகவில்லை. ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். அவ்வளவுதான், திரை கறுத்தது.

மின்மினி கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது, உரிந்தும் உரியாமலும்.

"நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லைம்மா."

"ம்."

"அவ உங்கிட்ட இதைச் சொன்னாளா?"

"இல்லை. அவ அம்மாகிட்டயும் சொல்லலை. சொல்லியிருந்தா அன்னைக்கு என்னை வாசல்லயே நிறுத்தியிருப்பாங்க."

ஒலிபரப்பை நிறுத்தத் தெரியாதவள் இந்த ஒன்றை மட்டும் தனக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

மின்மினி எழுந்தாள். கொடியில் தொங்கிய துப்பட்டாவை எடுத்து முகத்தைச் சுற்றப் போனாள். பாதிச் சுற்றில் நிறுத்தி, அவிழ்த்து, கட்டிலில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். அம்மா பின்னாலேயே போனாள். ஆனால் முதல் வளைவிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டாள். இனி இறங்க வேண்டிய படிகள் மகளுடையவை.

எதிரே ஏறி வந்த ஒருவர் மின்மினியின் முகத்தைப் பார்த்துத் தயங்கி ஒதுங்கினார். அவள் தலை குனியவில்லை. கீழே கதவைத் தட்டினாள். தையல் இயந்திரம் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு தையற்காரி கதவைத் திறந்து, அந்தப் புதுத்தோல் முகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அத்தை," என்றாள் மின்மினி. குரல் உடைந்தது, மறுபடி எடுத்தாள். "எல்லார் முன்னாடியும் அவளைக் கேவலமாப் பேசிட்டேன். அவ உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டா. என்னை உள்ள விட வேண்டாம். அவளை மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் இங்க வாசல் வரைக்கும் அனுப்புறீங்களா?"