நூற்று நாற்பதுக்குக் கீழே

மூன்றாவது நாளும் பிரஷர் ஏறியிருந்தால் கிரேன் ஆபரேட்டருக்குக் கேபின் போய்விடும். அந்தக் கட்டட வேலையில் சட்டம் அப்படி. தினமும் காலையில் ஏணியைத் தொடுவதற்கு முன் நர்ஸ் பார்ப்பாள். நூற்று நாற்பதைத் தாண்டினால் அன்றைக்குத் தரை வேலை. தொடர்ந்து மூன்று நாள் தாண்டினால் கேபின் வேறொருவனுக்கு. பதினோரு வருடம் மேலே உட்கார்ந்தவனுக்கு அது செருப்படி.

முதல் நாள் நூற்று நாற்பத்திரண்டு. "தூக்கம் பத்தலை போல. நல்லாத் தூங்கிட்டு வாங்கண்ணே" என்றாள் நர்ஸ்.

அதோடு போயிருக்கும். கீழே சிக்னல் காட்டும் மைத்துனன் விடவில்லை. கிடைக்கிற வீடியோவையெல்லாம் நாலு பேருக்குத் தள்ளிவிடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்று மாலைக்குள் பதினேழு அனுப்பினான். ஒருத்தன் உப்பு விஷம் என்றான். அடுத்தவன் உப்பைக் குறைப்பதுதான் ஆபத்து என்றான். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி, இந்த ஏழு அறிகுறி இருந்தால் இதயம் எந்த நேரமும் நிற்கும் என்றாள். ஆபரேட்டர் எண்ணினான். ஆறு இருந்தது. ஏழாவது, தூக்கமின்மை. விடிவதற்குள் அதுவும் வந்து சேர்ந்தது.

இரண்டாம் நாள் நூற்று ஐம்பது.

மூன்றாம் நாள் காலை வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தான். மேலே கேபினில் கக்கூஸ் கிடையாது. அதனாலேயே இத்தனை வருடம் வேலைக்குமுன் ஒரு டம்ளரைத் தாண்டியதில்லை.

"போயிட்டாவது கிளம்புங்க" என்றாள் மனைவி.

"ஒரு மணி நேரம் அடக்கணுமாம். அப்பத்தான் ரத்தம் சுத்தமாகுமாம்."

"எவன் சொன்னான்?"

"உன் தம்பி."

"அவன் எட்டாங்கிளாஸையே ரெண்டு தடவை படிச்சவன்!"

நர்ஸின் அறையில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தான். நூற்று ஐம்பத்தெட்டு. அவள் அவன் காலைப் பார்த்தாள்.

"என்ன நெளியறீங்க? முட்டிக்கிட்டு இருந்தா ஏறத்தான் செய்யும். முதல்ல போயிட்டு வாங்க. அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க, இன்னொரு தடவை பார்க்கிறேன். அதுதான் கடைசி."

போய்விட்டு வந்தான். வயிறு காலியானதும் நெஞ்சும் லேசானது. கண்ணை மூடினான். நாலு நிமிடம் ஆகியிருக்கும். கதவிடுக்கில் மைத்துனன் தலை நீண்டது, அதற்கும் முன்னால் அவன் போன்.

"மாமா, பிரஷர் பார்க்கும்போது கோபமே படக்கூடாதாம். இதை ஒரு தடவை பாருங்களேன்."

"என் பொழப்பே போகுதுடா மடையா! வெளிய போடா!"

அறை அதிர்ந்தது. நர்ஸ் சுற்றிய கைப்பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்று நாற்பத்தாறு.

"சிஸ்டர், இன்னும் ஒரே ஒரு தடவை..."

"ரெண்டுக்கு மேல எழுத எனக்கு அனுமதி இல்லைண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒழுங்காக் காட்டுங்க." அவள் நிமிராமல் எழுதினாள்.

பத்து மணிக்கு அவன் மண்வெட்டியோடு கீழே நின்றான். மேலே அவனுடைய இருக்கையில் வேறொருவன். மைத்துனன் மேல் வந்த ஆத்திரம் பாதிதான். மீதி தன்மேல். யாரும் அவன் வாயைப் பிளந்து ஊற்றவில்லை. பதினேழையும் அவனே திறந்தான், அவனே குடித்தான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்தான். 'வேலை போன கவலையா? இதயத்தைக் காக்க ஐந்து வழிகள்.' பத்தடி தள்ளி நின்ற மைத்துனன் பரிவோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கான்கிரீட் நிரம்பிய தொட்டி கொக்கியில் தயாராக நின்றது. ஆபரேட்டர் போனை அதற்குள் எறிந்தான். அது மெதுவாக, இன்னும் அதிர்ந்தபடியே, சாம்பல் குழம்புக்குள் இறங்கியது.

"மாமா! என்ன பண்றீங்க?"

"சிக்னல் காட்டுறதுதானே உன் வேலை? தூக்கச் சொல்லுடா."

மைத்துனன் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு கையை உயர்த்தினான். தொட்டி ஆறாவது மாடிக்குக் கிளம்பியது.