பதினெட்டும் பத்தொன்பதும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. "எழுதித் தொலைச்சிடாதே" என்று அக்கா சொன்ன அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அரங்கின் விளக்குகள் மெல்ல மங்க, பியானோவின் கரிய மேனியில்... (வேண்டாம். அக்கா சிரிப்பாள்.)

நேராகவே சொல்கிறேன். அக்கா மேடையில் பியானோ வாசிப்பவள். செத்துப்போனவர்கள் எழுதியதைத் தொடமாட்டாள். இருபது வருடமாக, உயிரோடு இருப்பவர்கள் எழுதும் புத்தம்புது இசை மட்டும்தான். பெட்டிக்குள் கைவிட்டுக் கம்பியைச் சுரண்டுவாள், முழங்கையால் கட்டைகளை அழுத்துவாள்.*

* "வாசிக்கிறியா, ரிப்பேர் பண்றியா?" என்று கேட்டு அத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

2

தாளில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் வாசிப்பாள். அவள் பெயர் நிற்பதே அதில்தான்.

போன மாதம், எழுபது தாண்டிய ஓர் அம்மையார் ஆறு வருடம் உழைத்து எழுதிய இசையை அக்கா முதன்முதலாக மேடையில் வாசித்தாள். இரு பக்கமும் கையால் எழுதிய பெரிய தாள்கள். பதினேழாம் பக்கம் முடிந்ததும் ஒரே புரட்டலில் இரண்டு தாள்கள் போய்விட்டன. எதிரே இருபதாம் பக்கம். அக்கா மூன்று விநாடி கைகளை அந்தரத்தில் வைத்திருந்தாள். பிறகு இருபதிலிருந்து வாசித்தாள்.

3

எழுதியவருக்கே தெரியாமல் போகுமா? எனக்கும் இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம்தான். நாலு தடவை மாற்றி எழுதிக் கிழித்துப் போட்டேன். கடைசியில் நடந்ததையே வைத்துவிடுகிறேன். அம்மையார் மேடைக்குப் பின்னால் வந்து அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"கையை அப்படியே நிறுத்துனியே கண்ணு, அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே காதுல ஏறல. அழுதுட்டேன். நானா எழுதினேன் அதை?"

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் யாரோ பூங்கொத்தோடு வந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை ஒலிப்பதிவு. அம்மையார் தாள்களின் நகலை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். உண்மையைச் சொன்னால் இருபது வருடப் பெயர் போகும். சொல்லாமல் சரியாக வாசித்தால், அழவைத்த அந்த மௌனம் எங்கே என்று கேட்பார்.

5

முடிவு ஒன்று: அக்கா சொல்கிறாள், அவர் கட்டிக்கொள்கிறார். (சினிமா.)

முடிவு இரண்டு: சொல்லாமல் மறுபடியும் தாண்டிவிடுகிறாள். (அக்காவால் முடியாது.)

முடிவு மூன்று:

இவ்வளவையும் அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நாலு எங்கேடா?"

"அது வேண்டாம்க்கா. கதை நல்லாத்தானே ஓடுது?"

"ரெண்டு பக்கம் போனப்பவும் நல்லாத்தான் ஓடுச்சு. எழுது."

4

அன்று அக்காவுக்குப் பக்கம் புரட்டியவன் நான்.

விரலுக்கு ஒரு தாள் மட்டும் அகப்பட, ஒவ்வொரு தாளின் முனையையும் முந்தின நாளே லேசாக மடித்துவைக்க வேண்டும். போனில் அரட்டையடித்தபடி மடித்தேன், ஒன்றை விட்டுவிட்டேன். அக்கா தலையசைத்தாள், புரட்டினேன், போயிற்று. இன்றுவரை "தம்பிதான் புரட்டினான்" என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதையும் படித்தாள். "அந்தம்மாகிட்ட கொண்டுபோய்க் குடு" என்றாள்.

ஆகவே, அம்மா, இதைப் படித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். இன்று வியாழக்கிழமை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பதினெட்டும் பத்தொன்பதும் சேர்த்து ஒரு விதம், அந்த மூன்று விநாடியோடு ஒரு விதம், இரண்டையும் பயின்று வந்திருக்கிறாள். முனைகளை எல்லாம் மடித்துவிட்டேன், இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன்.

பதினேழு முடிந்ததும் அக்கா தலையசைப்பாள். ஒரு தாளைப் புரட்டவா, இரண்டையா?