அவசரம் ஆண்டியப்பனுக்கு என்ன வந்தது

அருப்புக்கோட்டை பஜாரில் பெயிண்டும் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற கடை பூமிநாதனுடையது. அப்பா காலத்துக் கடை. வியாபாரத்தில் அவன் சோடை போனவன் இல்லை. ஆனால் மனசு கிடந்தது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, கல்லாவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கிற கேசட்டுகள். விலைக்கு வாங்கின பாட்டுக் கேசட் அதில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அவனே டூ-இன்-ஒன் டேப் செட்டைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பதிந்த நாதஸ்வரமும் மேடை நாடகப் பாட்டும். இன்னொன்று, ‘வாரக்கிளி’ பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வருகிற ‘அவசரம் ஆண்டியப்பன்’ கார்ட்டூன்.

ஆண்டியப்பன் கக்கத்தில் குடையோடு எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பான்; எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டான். கல்யாணத்துக்குக் கிளம்பி வளைகாப்புக்குப் போய் நிற்பான். கடைசிக் கட்டத்தில், வாசலில் நிற்கிற அவன் பெண்டாட்டி ஒரு வார்த்தை சொல்லுவாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஊரில் பாதிப் பேர் பத்திரிகையைப் பின்பக்கமிருந்து புரட்டினார்கள். பூமிநாதன் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அப்படித்தான் புரட்டிக்கொண்டிருந்தான்.

இந்த இரண்டு பைத்தியமும் சேர்ந்தாற்போலப் பிடித்திருந்த இன்னொரு ஆள் கோட்டைச்சாமி. நரிக்குடிப் பக்கம் கம்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல், பட்டியில் ஆடு என்றிருந்த சம்சாரி. பூமிநாதனைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கதவுக்குக் கீல் வாங்க வந்த இடத்தில், கடைக்குள் பாடிக்கொண்டிருந்த நாதஸ்வரத்தைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கீல் வாங்க மறந்துபோனார். மறுநாள் அதற்காகவே ஒரு பஸ் ஏறி வந்தார்.

சிநேகிதம் முற்றினாலும் ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பூமிநாதன் தன் கேசட்டை யாருக்கும் தரமாட்டான். கோட்டைச்சாமி, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் கொடுப்பார். அவர் பதிந்த கேசட்டுகள் திருச்சுழி டீக்கடையில் ஒன்று, மல்லாங்கிணறு சலூனில் ஒன்று என்று தேசாந்திரம் போய்க்கொண்டிருந்தன.

“பாட்டைப் பூட்டி வச்சா குட்டியா போடப்போகுது? நாலு பேரு கேக்கட்டும் தம்பி.”

“நாலு பேரு கேக்கலாம்ண்ணே. நாலு பேரு காப்பி எடுத்து, அதுல இருந்து இன்னும் நாலு பேரு எடுத்தா, கடைசி ஆளுக்கு வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். அதுலயும் ஒங்க கேசட்டு மொதல்லயே இரைச்சல்.”

அது உண்மைதான். பூமிநாதன் மேடைக்குப் பக்கத்தில் செட்டை வைத்து, பாட்டு முடிந்த நிமிஷம் பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவான். கோட்டைச்சாமி மடியில் செட்டை வைத்துக் கூட்டத்துக்கு நடுவில் உட்காருவார், நிறுத்தவே மாட்டார். பாட்டுக்குப் பாட்டு நடுவே கடலை உடைக்கிற சத்தம், பிள்ளை அழுகிற சத்தம், “ஏலே, மறைக்காம உக்காரு” என்கிற அதட்டல் எல்லாம் அதில் வரும்.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில், மழை வருமா வராதா என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோட்டைச்சாமி கையில் ‘வாரக்கிளி’யோடு கடைக்குள் வந்தார்.

“தம்பி, இந்த வாரம் ஆண்டியப்பனைப் பாத்தீகளா?”

“பாத்தேன்.”

“சிரிப்பு வந்துச்சா?”

பூமிநாதன் தராசுத் தட்டில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கினான். ஒரு வருஷத்துக்கு மேலாகவே அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே சொன்னால் அது நிஜமாகிவிடுமோ என்று பேசாமல் இருந்தான்.

“ஆளு மாறிட்டாகளோ?” என்றார் கோட்டைச்சாமி.

“இல்லண்ணே. அதே கைதான். அந்தக் குடைக் கம்பி வளைவு, ஓடுறப்ப செருப்பு பின்னால பறக்குறது, வேற ஆளுக்கு வராது.”

“அப்ப பேச்சுதான் மாறியிருக்கு. இங்க பாருங்க.” கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து வாசித்தார். “‘காலம் பொன் போன்றது, அதை வீணாக்கலாமா?’ எந்த ஊர்லய்யா பொண்டாட்டி புருசன்கிட்ட இப்பிடிப் பேசுறா?”

பூமிநாதனுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி உள்ளே தைத்துவிட்டது. இருபது வருஷம் ஊர்ப் பேச்சை அச்சு அசலாக எழுதின ஆளுக்குத் திடீரென்று என்ன வந்தது? பத்திரிகை ஆபீசுக்கு எழுதிக் கேட்டான், பதில் இல்லை. போர்டு எழுதுகிற வீரபத்திரன் பெயிண்ட் வாங்க வந்தபோது தற்செயலாகப் பேச்சு வந்தது. “ஆண்டியப்பன் வரையுற பால்ச்சாமி ஐயாவா? மதுரை செல்லூர்லதான இருக்காக. வாலிபத்துல எங்க கூடத்தான் போர்டு எழுதுனாக” என்று தெருவுக்கு வழியும் சொன்னான் அவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மதுரை பஸ் ஏறினார்கள். பெரியவருக்குக் கொடுக்க, தன்னிடம் இருப்பதிலேயே சுத்தமான நாதஸ்வரக் கேசட் ஒன்றைப் பூமிநாதன் எடுத்துக்கொண்டான். போட்டுக் காட்டுவதற்கு, துபாயிலிருந்து மச்சினன் கொண்டுவந்து கொடுத்த வாக்மேனும். அதைப் பெண்டாட்டியையே தொடவிடமாட்டான்.

செல்லூர்ச் சந்தில் மாடி வீடு. கதவைத் தட்டித் தட்டிக் கை நொந்தது. எதிர்வீட்டு அம்மா, “தள்ளிக்கிட்டுப் போங்கப்பா, தட்டுறதெல்லாம் அவுகளுக்கு ஆகாது” என்றாள். உள்ளே பலகைமேல் குனிந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தார் பால்ச்சாமி. மெலிந்த தேகம், மூக்கு நுனியில் கண்ணாடி.

“ஐயா, அருப்புக்கோட்டையில இருந்து வாரோம்” என்றான் பூமிநாதன்.

“முட்டையா? வேணாம்ப்பா. நான் சைவம்.”

கோட்டைச்சாமி சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்தார். பூமிநாதன் சத்தம் போட்டுச் சொன்னான். பெரியவர் தலையை ஆட்டினார், எல்லாம் புரிந்த மாதிரி. எதுவும் புரியவில்லை என்று இருவருக்கும் புரிந்தது. வந்த கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் பூமிநாதன் வாக்மேனை எடுத்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டி, சத்தத்தை முழுசாகத் திருகினான். பெரியவர் முகம் மாறியது. கேட்கிறது! நாதஸ்வரத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “நல்ல வித்துவான்” என்றார் மரியாதையாக. கழற்றப் போனார்.

“இருங்கய்யா” என்று கோட்டைச்சாமி பையிலிருந்து தன்னுடைய கேசட்டை எடுத்தார். பூமிநாதனுக்குக் கூச்சமாக இருந்தது. இந்த அழுக்குக் கேசட்டையா இவர் காதில் போடுவது?

பாட்டு முடிந்து சனங்களின் சத்தம் வந்த இடத்தில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நிப்பாட்டு, நிப்பாட்டு. பின்னால ஓட்டு.” ஓட்டினார்கள். மறுபடி ஓட்டச் சொன்னார். நாடகக் கொட்டகையில் இடத்துக்குச் சண்டை போடும் இரண்டு பெண்கள். “பாய விரிச்சா எடம் ஒனக்கா? அப்ப நான் பந்தலப் போட்டிருந்தா ஊரே எனக்காடி?” என்று ஒருத்தி கேட்கிறாள். பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பிலா வேறு எதனாலா என்று பூமிநாதனுக்குத் தெரியவில்லை.

“தெனம் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல போயி உக்காருவேன்” என்றார், ஹெட்போனைக் கழற்றாமலே. “சனங்க பேசுறதுல ஒண்ணைப் பொறுக்கிட்டு வந்து வரைவேன். ரெண்டு வருசமா காது அடைச்சுப்போச்சு. மெசினு மாட்டிப் பாத்தேன், விசில்தான் அடிக்குது. இப்ப எல்லார் வாயும் அசையுது, அம்புட்டுத்தான். படம் கையில இருக்கு. பேச்சுக்கு எங்க போவேன்? நானா எழுதுனா வாத்தியாரு மாதிரி வருது. எனக்கே தெரியுது.”

திரும்பும்போது பஸ்ஸில் கோட்டைச்சாமி கேட்டார், “வாக்மேனை மறந்துட்டு வந்துட்டீகளோ?”

“மறக்கல” என்றான் பூமிநாதன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அதற்குப் பிறகு அவர்கள் பாட்டுக்குப் போனாலும் போகாவிட்டாலும் செட்டு கூடப் போனது. திருச்சுழி பஸ்ஸில், நரிக்குடியில் ஆட்டு யாவாரம் பேசுகிற இடத்தில், பாளையம்பட்டி பலசரக்குக் கடை வாசலில். பட்டனை அமுக்கி நிறுத்தாமல் இருக்கப் பூமிநாதன் கஷ்டப்பட்டுப் பழகினான். பழகப் பழக, இத்தனை நாள் வெட்டித் தள்ளின சத்தத்தில் இவ்வளவு இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. கேசட்டுகள் தெரிந்த கண்டக்டர் மூலம் மதுரைக்குப் போயின. பாய்ச் சண்டை முதலில் வந்தது. ஆண்டியப்பன் பந்திக்குப் பிந்திப்போன கதையில். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும், இந்த வாரம் யார் வார்த்தை வரப்போகிறது என்று இருவருக்கும் பொறுக்கமுடியாது.

தை மாதம் ஒரு வாரம், கடைக்கு வந்த கொத்தனார் ஒருவர் பத்திரிகையைக் காட்டிச் சிரித்தார். “மொதலாளி, ஆண்டியப்பன் பொண்டாட்டி சொன்னதைப் பாத்தீகளா? ‘பஸ்ஸு போன பெறகு கையக் காட்டுற ஆளுக்கு, சோறு ஆறின பெறகு பசிக்கிறது அதிசயமா?’”

பூமிநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது முருகேஸ்வரி சொன்னது. அவன் பெண்டாட்டி, அவனைப் பார்த்து, அவன் வீட்டு அடுப்படியில் சொன்னது. வீட்டில் செட்டை ஓடவிட்டு வைத்ததும், அந்தக் கேசட்டை முழுசாகப் போட்டுக் கேட்காமலே அனுப்பியதும் நினைவுக்கு வந்தன. அன்றைக்குள் ஏழெட்டுப் பேர் அதே வார்த்தையை அவனிடமே சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் சாப்பிடப் போனபோது தட்டுக்குப் பக்கத்தில் ‘வாரக்கிளி’ கிடந்தது. கடைசிப் பக்கம் மேலே இருந்தது.

“இது எப்படி அவுகளுக்குத் தெரியும்?” என்றாள் முருகேஸ்வரி.

சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டாள்.

“ஒங்க கேசட்டை ஒருத்தர் தொட்டா அம்புட்டுக் கோவம் வருது. என் பேச்சை எனக்குத் தெரியாம மதுரைக்கு அனுப்பிருக்கீக. அது மட்டும் ஊருக்குப் பொதுவா?”

அவன் தட்டிலேயே கையைக் கழுவினான். இரண்டு நாள் அவள் அவனிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு நின்றாள்.

“அந்தப் பெரியவரு கேட்டப்ப சிரிச்சாகளா?”

“தெரியல. நான் கூட இல்லையே.”

“காப்பி எடுத்து வச்சிருக்கீகளா?”

அவன் எதையும் காப்பி எடுக்காமல் அனுப்புகிறவன் இல்லை. போட்டுக் காட்டினான். பாத்திரச் சத்தம், குழாய்ச் சத்தம், பிறகு அவள் குரல். முருகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். “இதா என் கொரலு? எங்க சித்தி பேசுற மாதிரியில்ல இருக்கு!” மறுபடி போடச் சொன்னாள். அப்புறம் ஒரு தரம்.

அன்றைக்கு அவள் ஒரு கட்டளை போட்டாள்: யார் பேச்சானாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். முன்கூட்டியே கேட்டால், எல்லோரும் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசினார்கள். அதனால் பதிந்துவிட்டு, போட்டுக் காட்டி, பிறகு கேட்பது என்று முடிவானது. சிலர் திட்டினார்கள், அதை அங்கேயே அழித்தார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் முருகேஸ்வரி மாதிரிதான், இன்னொரு தரம் போடு என்றார்கள்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது அவளும் வந்தாள். பெரியவர் அவளை யாரென்று அறிந்ததும் எழுந்து கும்பிட்டார். அவள் ஏதோ கேட்க, அவருக்குக் கேட்கவில்லை. முருகேஸ்வரி செட்டை வாங்கி, பதிகிற பட்டனை அமுக்கி, அதனிடம் பேசினாள். பெரியவர் அந்தக் கேசட்டை வாக்மேனில் போட்டுக் கேட்டார்.

“ஐயா, இருவது வருசமா ஆண்டியப்பன் பொண்டாட்டி பேசிக்கிட்டிருக்கா. அவளுக்குப் பேரு என்ன?”

பால்ச்சாமி ஹெட்போனைக் கழற்றினார். “வைக்கலையேம்மா” என்றார். “அவனைக் கூப்பிடத்தான் நாலு பேரு இருந்தாக. அவளை யாரும் கூப்பிடுற மாதிரி நான் எழுதவேயில்ல. நீயே ஒண்ணு வையேன்.”

அவள் மறுபடி செட்டிடம் பேசினாள். “நான் எதுக்கு வைக்கணும்? அவ ஆத்தா வச்ச பேரு ஒண்ணு இருக்கும்ல. ஒங்களுக்குத்தான் தெரியும். யோசிச்சுப் பாருங்க.”

மாசி பிறந்து ஒரு வாரம், கோட்டைச்சாமி முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். கடைக்குக்கூடப் போகாமல் பத்திரிகையும் கையுமாக நேரே வீட்டுக்கு வந்தார். முருகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வர, பூமிநாதன் பத்திரிகையைத் தரையில் விரித்தான்.

ஆண்டியப்பன் வழக்கம்போலப் பிந்தி வருகிறான். வீடு பூட்டியிருக்கிறது. வாசலில் யாரும் இல்லை. முதல் தடவையாகத் தெருவில் நின்று கூப்பிடுகிறான், “தங்கலட்சுமி! ஏ, தங்கலட்சுமி!” தெருவில் உள்ள அத்தனை சன்னலும் திறக்கிறது. அத்தனை தலையும் எட்டிப் பார்க்கிறது. எல்லோரும் கேட்கிறார்கள், “அது யாரு?”

கோட்டைச்சாமி சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. பூமிநாதன் முருகேஸ்வரியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. குனிந்து, பூட்டுப் போட்ட அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க போயிருப்பா?” என்றாள்.